மயக்கமன்று, விறைப்பு

சொல் பிழைத்தால் பொருள் பிழைக்கும் என்பது இலக்கணம் கற்றார் அறிந்தது. சொற்பிழையால் உடலுக்கும் ஊறு நேரலாம் என்பதற்குப் பல் வைத்தியசாலை சான்றாகும். பல்லைப் பிடுங்குமுன் முரசில் இடும் ஊசியைக் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலாய நம் கரையூர்களிற் பலரும் “மயக்க ஊசி” என வழங்கக் கேட்கின்றோம்.

அவ்வூசி எவரையும் மயக்குவதில்லை. மயக்கம் அறிவை மறைப்பது. இவ்வூசியோ ஓரிடத்து நரம்பை மட்டும் சிறிது நேரம் அடக்கி, நோவுச் செய்தி மூளைக்கு எட்டாது தடுப்பது. நெடுநேரம் சம்மணமிட்டிருந்தால் “கால் விறைத்துப் போயிற்று” என்கின்றோம் அல்லவா? அதனையொத்த விறைப்பே வாயிலும் உண்டாகின்றது. ஆதலின் “விறைப்பூசி” என்பதே தக்க பெயர்.

பெயர் எதுவாயின் என்ன என்று சிலர் வினவலாம். மயக்கம் என்றதும் அஞ்சுவோர் பல்நோவைப் பொறுத்திருந்து, சீழ் கட்டிய பின்னரே வருகின்றனர். சீழ் கட்டிய இடத்தில் இம்மருந்து நன்கு பற்றாது. அச்சத்துடன் பசியும் சேரின் நாற்காலியிலேயே தலைசுற்றிச் சாய்வோரும் உளர். அம்மயக்கத்திற்குப் பெரும்பாலும் காரணம் அச்சமே, மருந்தன்று. மயக்க ஊசி என்னும் பெயரே மயக்கத்தை வருவிக்கின்றது!

சொல்லின் அருமையுணர்ந்த வைத்தியரும் இந்நாட்டில் இருந்தனர். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார்; 1867இல் ‘இரணவைத்தியம்’ என்னும் தமிழ் நூலை வெளியிட்டார். அவர் மறைந்த 1884ஆம் ஆண்டிலேயே, வியன்னாவில் கார்ல் கொல்லர், கொக்கேயின் கண்ணை விறைக்கச் செய்வதை உலகுக்குக் காட்டினார். அது நஞ்சாகவும் மனிதரை அடிமைப்படுத்துவதாகவும் இருந்தமையால் வேறு மருந்துகள் தேடப்பட்டன. 1943இல் சுவீடனில் நில்ஸ் லொஃப்கிரென் ஆக்கிய லிக்னோகேயினே இன்று பல் வைத்தியர் பெரிதும் கையாள்வது. அறுவை வைத்தியமே தமிழில் எழுதப்பட்ட நாட்டில், ஓர் ஊசிக்குத் தக்க சொல்லை வழங்காதிருத்தல் நமக்கு அழகாமோ?

லிக்னோகேயினுடன் அட்ரினலின் கலப்பதும் வழக்கம். அது குருதிக் குழாய்களைச் சுருக்கி மருந்தை அவ்விடத்தே நிறுத்தும். ஆயின் இருதய நோயாளர்க்கு அதன் அளவைக் குறைத்தல் வேண்டும். லிக்னோகேயினுக்கும் உடல் நிறைக்கேற்ற எல்லையுண்டு. சிறு பிள்ளைகளுக்கு மிக்க கவனம் தேவை. ஊசி குருதிக் குழாயினுட் புகுந்ததோ என மருந்தைச் செலுத்துமுன் இழுத்துப் பார்த்தல் வைத்தியர் கடன்.

நம் கடன் யாது? இருதய நோய், இரத்த அழுத்தம், உட்கொள்ளும் மருந்து, ஒவ்வாமை, கருப்பம் ஆகியவற்றை மறையாது கூறுதல். “முன்னர் மயக்க ஊசி எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை” என்று ஒருவர் கூறின், அது முழு மயக்கமா, விறைப்பா? இரண்டும் வேறு மருந்துகள். இரண்டன் இடரும் வேறு. இவ்விடத்திற் சொல் தெளிவே உயிர்க்காப்பு.

விறைப்பு உதட்டில் இரண்டு மூன்று மணிநேரம் நிற்கும். அதுவரை சுடு தேநீரை விலக்குதலும், பிள்ளைகள் உதட்டைக் கடித்துப் புண்ணாக்காது காத்தலும் வேண்டும்.

ஆசிரியப் பெருமக்களே! வகுப்பறையில் இச்சொல்லை வழங்குங்கள். மாணவர் அதை வீட்டுக்குக் கொண்டு செல்வர். வைத்தியசாலைப் பலகைகளிலும் அதுவே எழுதப்படுக. தமிழ் அச்சம் தீர்க்கும் மொழியாகட்டும்.