பஞ்சாங்கமும் மழைக் கணக்கும்

வருஷப் பிறப்பன்று நமது ஊர்களில் பஞ்சாங்கம் படிக்கிறார்கள். இவ்வருஷம் மேகாதிபதி யார், மழை எத்தனை மரக்கால், அதில் சமுத்திரத்துக்கு எவ்வளவு, மலைக்கு எவ்வளவு, பூமிக்கு எவ்வளவு என்று புரோகிதர் பங்கு போட்டுச் சொல்ல, ஜனங்களும் தட்சணை கொடுத்துவிட்டு நிம்மதியாய் வீட்டுக்குப் போகிறார்கள். ஆனால் 2024 டிசம்பர் 2-ந் தேதி காலையோடு முடிந்த ஒரே நாளில் ஏற்காட்டில் சுமார் 24 சென்டிமீட்டரும், ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டரும் மழை கொட்டிற்றே, அதை எந்தப் பஞ்சாங்கம் எந்த மரக்காலால் அளந்து முன்கூட்டிச் சொல்லிற்று என்று கேட்கிறோம். அன்று ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்தது. அந்த மலையின் அடிவாரத்திலிருப்பதுதான் கொண்டப்பநாயக்கன்பட்டி. மேலே கொட்டுகிற தண்ணீர் ஓடை வழியாய் இறங்குமே தவிர, ராகுகாலம் பார்த்து நிற்காது.

அதற்கு முந்திய நாள் திருவண்ணாமலையில் பாறையும் மண்ணும் உருண்டு, குழந்தைகள் ஐவர் உள்பட ஏழு பேர் மாண்டார்கள். அந்த மலையே சிவன் என்று சொல்லப்படுவது. செத்தவர்களைப் பற்றிப் பரிகாசம் பேச நாம் இதைச் சொல்லவில்லை. சில நாள் கழித்து வந்த தீபத்தன்று மலைமேல் ஜனங்கள் ஏறலாமா என்று சர்க்கார் யாரைக் கேட்டது? ஸ்தலபுராணத்தையா? இல்லை, மண்ணும் பாறையும் படித்த நிபுணர்களைக் கேட்டது. அவ்வருஷம் பக்தர்கள் மலையேறத் தடுக்கவும் பட்டார்கள். இதே சர்க்காரின் அறநிலையத்துறைதான் 2019 வறட்சியில் மழைக்காக யாகம் செய்யும்படி கோவில்களுக்குச் சுற்றறிக்கை விட்டது என்பதையும் மறப்பதற்கில்லை.

1934-ல் பீகார் பூகம்பம் தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை என்று திருநெல்வேலியில் காந்தியார் பேசினார். தாகூர் அதைக் கண்டித்தார். தீண்டாமை ஒழிய வேண்டுமென்பதில் நமக்கு அட்டியில்லை. ஆனால் தீண்டாதவன் குடிசையையும் சேர்த்து இடித்த தண்டனை என்ன நியாயம்?

நிற்க. ஆபத்தை மதிப்பிடுவதென்பது பெரிய ரகசியமல்ல. எது, எத்தனை வருஷத்துக்கொருமுறை வருகிறது; வந்தால் அதன் வழியில் யார் இருக்கிறார்கள்; அவர்களுக்குத் தாங்கும் சக்தி எவ்வளவு என்பதுதான். இந்த மூன்றாவதை விட்டுவிட்டால் மற்ற இரண்டும் வீண். 1871-ல் பழைய சேலம் ஜில்லாவின் ஜனத்தொகை 19 லட்சத்து 67 ஆயிரம். 1881-ல் 16 லட்சம். இடையில் வந்தது 1876-78 தாது வருஷப் பஞ்சம். மழை பொய்த்தது இயற்கைதான். ஆனால் இந்நாட்டிலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தபோது கூலிக்காரன் பட்டினியால் செத்தானே, அதுவும் இயற்கையா? மிராசுதார் எத்தனை பேர் செத்தார்?

பூகம்பத்தையும் சிலர் கேட்கிறார்கள். 2002-ம் வருஷத்து வரைபடத்தில் சேலம் மூன்றாவது மண்டலத்தில், அதாவது நடுத்தர அபாயத்தில் வைக்கப்பட்டது. 1900 பிப்ரவரியில் கோயமுத்தூர்ப் பக்கம் நல்ல அதிர்ச்சி ஏற்பட்டதுமுண்டு. நம் பக்கத்தில் அவசரம் அதுவல்ல, தண்ணீரும், தண்ணீரில்லாமையுமே.

2005-ம் வருஷத்துப் பேரிடர்ச் சட்டப்படி ஜில்லாவுக்கொரு ஆணையம், கலெக்டர் அதற்குத் தலைவர், ஜில்லாவுக்கென்று ஒரு திட்டம், அதை வருஷாவருஷம் திருத்த வேண்டும் என்றிருக்கிறது. நல்லதுதான். ஆனால் அந்தத் திட்டத்தில் தன் தெரு எந்த வரிசையில் இருக்கிறதென்று எத்தனை குடியானவனுக்குத் தெரியும்? ஊரின் மேட்டைச் சாதிக்காரர் எடுத்துக்கொண்டு பள்ளத்தைச் சேரிக்கு விட்ட ஏற்பாடு எத்தனையோ ஊர்களில் இன்றும் நிற்கிறது. ஆகையால் கணக்கெடுக்க வருகிற அதிகாரி மணியக்காரர் திண்ணையில் உட்காராமல் சேரியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் துவங்கும். அதற்குள் நம் தோழர்கள் அவரவர் ஊர் ஓடை எங்கே அடைக்கப்பட்டிருக்கிறது, ஏரிக் கலிங்கல் திறந்திருக்கிறதா, சென்ற வெள்ளத்தில் எந்தச் சுவரில் எத்தனை அடி தண்ணீர் நின்றது என்று நேரில் பார்த்தெழுதிக் கிராம சபையில் வைக்க வேண்டும். ஒரு நகல் கலெக்டருக்கும் போகட்டும். ரசீது வாங்க மறக்க வேண்டாம்.