வாசற்படியையும் கணக்கில் எடுங்கள்

ஆஷா பணியாளர்களின் செயல்திறன் எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது என்று ஆய்வு மேல் ஆய்வாக வந்துகொண்டிருக்கிறது. பயிற்சி போதவில்லை, மேற்பார்வை சரியில்லை, ஊக்கத்தொகை தாமதமாகிறது, பேருந்து வசதி இல்லை, மருந்துப் பெட்டி காலி. எல்லாம் உண்மைதான், நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் கிராமத்தில் பிறந்து வளர்ந்த எவரும் முதலில் சொல்லக்கூடிய காரணம் இந்தப் பட்டியல்களில் பெரும்பாலும் கடைசி வரியாகக்கூட வருவதில்லை. சாதி.

2005இல் தேசிய ஊரக சுகாதார இயக்கம் உருவாக்கியவர்கள்தான் ஆஷாக்கள். ஆயிரம் பேருக்கு ஒருவர். அதே கிராமத்தில் வசிக்கும் பெண்ணாக இருக்க வேண்டும் என்பது விதி. உள்ளூர்க்காரர் என்றால் எல்லா வீட்டுக்கும் போவார், எல்லோரும் நம்புவார்கள் என்று டெல்லியில் கணக்குப் போட்டார்கள். எந்த உள்ளூர்? இங்கே ஊர் தனியாக இருக்கிறது, சேரி தனியாக இருக்கிறது. கிராமத்தைப் புனிதமாக்கிப் பேசியவர்களை பாபாசாகேப் 1948லேயே அரசியல் நிர்ணய சபையில் வெளுத்து வாங்கினார். திட்டம் தீட்டியவர்கள் காதில் அது விழவில்லை.

விதிமுறையைப் பாருங்கள். மருத்துவமனையில் குழந்தை பிறந்தால், 42 நாட்களுக்குள் ஆஷா அந்த வீட்டுக்கு ஆறு முறை போக வேண்டும். குழந்தையை எடை போட வேண்டும், உடம்புச் சூடு பார்க்க வேண்டும். ஆறு முறையும் முடித்தால் 250 ரூபாய். அந்த ஆஷா சேரிப் பெண் என்று வைத்துக்கொள்வோம். ஆதிக்க சாதி வீட்டில் பச்சைக் குழந்தையை அவர் கையில் கொடுப்பார்களா? "புள்ள நல்லாத்தான் இருக்கு, நீ போ" என்று வாசலிலேயே அனுப்பிவிட்டால் எடை எழுத முடியாது. எடை இல்லையென்றால் பணமும் இல்லை. பதிவேட்டில் அவர் 'செயல்திறன் குறைந்தவர்' ஆகிவிடுவார். கதவை அடைத்தவரின் சாதித்திமிரை எழுத அந்தப் பதிவேட்டில் கட்டம் கிடையாது.

மறுபக்கமும் உண்டு. 11 மாநிலங்களில் 565 கிராமங்களை ஆய்வு செய்து, 2006இல் நூலாக வந்த தீண்டாமை ஆய்வு என்ன சொன்னது? மூன்றில் ஒரு பங்கு கிராமங்களில் பொது சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்கு வர மறுத்தார்கள். அது ஆஷாக்களுக்கு முந்தைய நிலைமை. பிறகு குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் தலித் குழந்தைகளிடம் சங்கமித்ரா ஆச்சார்யா நடத்திய ஆய்விலும், தொடாமல் மருந்து கொடுப்பதும் வீட்டுக்குள் வராமல் நிற்பதும் பதிவாகியிருக்கின்றன.

ஆக, ஒரே சாதி இரண்டு பக்கமும் வெட்டுகிறது. நம் பெண் வேலைக்குப் போனால் ஊர்க்கதவு மூடுகிறது, கூலி போகிறது. ஆதிக்க சாதிப் பெண் அந்த வேலையில் இருந்தால் சேரிக்குள் கால் வைப்பதில்லை. நம் குழந்தைக்கு மருந்து வருவதில்லை. இரண்டிலும் இழப்பது நாம்தான்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். பிரசவம் தீட்டு என்று சொன்ன காலத்தில், தொப்புள்கொடி அறுக்க 'தாழ்ந்த' சாதிப் பெண்ணின் கைதான் வேண்டியிருந்தது. அதே வேலைக்கு அரசுப் பட்டியலும் ஊக்கத்தொகையும் வந்த பிறகு அந்தக் கை தீட்டாகிவிட்டதா?

2022இல் உலக சுகாதார நிறுவனம் ஆஷாக்களுக்கு விருது கொடுத்தது. கைதட்டினார்கள். ஆனால் அரசுக் கணக்கில் அவர்கள் இன்னும் 'தன்னார்வலர்'. மாதம் 21,000 ரூபாய் கேட்டு 2025 பிப்ரவரியில் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் அமர்ந்தவர்கள் எட்டு மாதங்களுக்கு மேல் தெருவில் கிடந்தார்கள். தொழிலாளி என்ற உரிமையே இல்லாத ஒருவர், கதவடைத்த வீட்டின் மீது எந்தத் தைரியத்தில் புகார் கொடுப்பார்?

நம் மாநிலத்தையும் விட்டுவிடக் கூடாது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சுய உதவிக் குழுப் பெண்களை வீடு வீடாக அனுப்புகிறது. கையைத் தொடாமல் ரத்த அழுத்தம் பார்க்க முடியாது. யார் கை, யாரைத் தொடுகிறது? யார் வீட்டில் சோதனை திண்ணையோடு முடிகிறது? பெரியார் மண் என்று பெருமை பேசுகிறவர்கள் இதைக் கணக்கெடுத்துக் காட்டட்டும்.

நாம் கேட்பது சலுகை அல்ல. ஊர், சேரி வாரியாக வீட்டு வருகையைத் தனித்தனியே பதிவு செய்யுங்கள். பணியாளரை உள்ளே விடாத வீட்டையும், சேரிக்குப் போகாத பணியாளரையும் எழுதுங்கள். அது தீண்டாமை என்றால் அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவும் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் எதற்கு இருக்கின்றன? கதவு மூடியதற்காக யாருடைய கூலியையும் வெட்டாதீர்கள். தன்னார்வலர் என்ற பெயரை எடுத்துவிட்டு மாதச் சம்பளம் கொடுங்கள்.

சமூகப்பணியும் பொது சுகாதாரமும் படிக்கும் தம்பி தங்கைகளே, அடுத்த ஆய்வேட்டுக்குக் கேள்வித்தாள் தயாரிக்கும்போது பயிற்சி, ஊக்கம், மேற்பார்வை என்று நாற்பது கேள்வி எழுதுங்கள். நாற்பத்தொன்றாவதாக ஒன்றைச் சேருங்கள்: "எந்த வீட்டின் வாசற்படியை உங்களால் தாண்ட முடியவில்லை?" பதில் சொல்ல அவர்கள் தயங்குவார்கள். வழிகாட்டிப் பேராசிரியர் அந்தக் கேள்வியை அடிக்கச் சொல்லலாம். அடிக்காதீர்கள்.