சூளைல அடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாருங்கப்பா

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டைல யாரும் காயாத அகல் விளக்கைச் சூளைல அடுக்க மாட்டாங்க. கையில எடுத்துப் பார்த்து, விரிசல் இருந்தா அப்பவே தனியா வெச்சிருவாங்க. பச்சை மண்ணுன்னா திரும்பக் கரைச்சுக்கலாம், சுட்டாச்சுன்னா அவ்ளோதான். இது டோமோகிராபி பண்ற நம்மாளுங்களுக்கு மட்டும் ஏன் தோண மாட்டேங்குது?

மைக்ரோ சி.டி.ல பீங்கான் துண்டை வெச்சா நேரா முப்பரிமாணப் படம் வந்துடாதுங்க. சாம்பிளைச் சுத்தச் சுத்த எடுத்த எக்ஸ்ரே படங்கள்தான் வரும். 2048-க்கு 2048 பிக்சல், 16 பிட்னா ஒரு படம் 8 எம்பி. 1800 கோணம் எடுத்தா 14 ஜிபியைத் தாண்டும். "இதையெல்லாம் யாரு பார்க்கறது"ன்னு ரீகன்ஸ்ட்ரக்ஷன் பட்டனை அமுக்கிடறாங்க. எல்லாத்தையும் பார்க்க வேணாம் சாமி! முதல் படம், 180 டிகிரி படம் ரெண்டையும் எடுங்க. ஒண்ணை இடவலமா திருப்பிப் போட்டா கிட்டத்தட்டப் பொருந்தணும். பொருந்தலைன்னா சாம்பிள் ஆடியிருக்கு, இல்லேன்னா சுழல் மையம் தள்ளியிருக்கு. ரெண்டு நிமிஷ வேலை.

அப்புறம், சாம்பிள் இல்லாம எடுத்த வெளிச்சப் படம், எக்ஸ்ரேயை அணைச்சுட்டு எடுத்த இருட்டுப் படம் ரெண்டும் ஃபோல்டர்ல இருக்கணும். டிடெக்டர்ல ஒரு பிக்சல் சொதப்பினா எல்லாப் படத்திலயும் அதே இடத்துல நிக்கும். கடைசியில வெட்டுப்படத்துல வளையமா வந்து உட்காரும்.

எனக்கு அதிகக் கோபம் மெட்டாடேட்டாவைத் திறக்காதவங்க மேலதான். அலுமினா மாதிரி அடர்த்தியான செராமிக்ல நடுப்பகுதி விளிம்பைவிடக் கருப்பாத் தெரியலாம். உடனே "உள்ளே சரியா வேகலை"ன்னு எழுதிடறாங்க. ஆற்றல் குறைஞ்ச கதிரெல்லாம் முதல்லயே உறிஞ்சப்பட்டு, ஆற்றல் கூடினது மட்டும் ஊடுருவிப் போறதாலயும் இப்படித் தெரியும். எத்தனை கிலோவோல்ட், தாமிர ஃபில்டர் போட்டாங்களான்னு லாக் ஃபைல்ல பார்த்திருந்தா ஒரு சந்தேகமாவது வந்திருக்கும். பாவம், சூளைக்காரர் மேல பழி :)

வாக்ஸல் அளவு தப்பானா இன்னும் மோசம். 5 மைக்ரானை 10-னு போட்டாலும் துளைகளோட சதவீதம் மாறாது, அது வெறும் விகிதம்தானே. அதனால யாருக்கும் பிடிபடாது. ஆனா ஒவ்வொரு துளையோட கனஅளவும் 8 மடங்காயிடும். செராமிக் எப்போ உடையும்ங்கறதை முடிவு பண்றது மொத்தத் துளை இல்லை, அதிலிருக்கற பெரிய குறை. கண்ணாடியை வெச்சு கிரிஃபித் 1921-லயே இதுக்கு அடித்தளம் போட்டுட்டார்.

நேரமில்லைங்கறவங்க இதையாவது பண்ணுங்க: அசல் ஃபைல்களை யாரும் மாத்த முடியாதபடி பூட்டி வெச்சுட்டு, லாக் ஃபைலையும் அதோடயே வைங்க. விளையாட்டெல்லாம் காப்பில!