சளியோடு வந்த குழந்தையை ஏன் திருப்பி அனுப்புகிறார்கள்?

தேவாலாவில் மழை பிடித்தால் எளிதில் விடாது. தோட்டத்து லயன் வீடுகளில் துணி காய்வதில்லை. கைக்குழந்தைகளின் சளியும் ஆறுவதில்லை.

அந்த ஊரில் பிளந்த உதட்டோடு ஒரு குழந்தை பிறந்தால், "கிரகணத்தில் வெளியே வந்தாயா?" என்று தாயைத்தான் முதலில் கேட்பார்கள். பாவம், அவள் என்ன செய்வாள்! கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கருவில் முகம் உருவாகும்போது இரு பக்கமும் சரியாகக் கூடாததால் வருவது இது. ஏறக்குறைய 700 முதல் 1,000 குழந்தைகளில் ஒன்றுக்கு இப்படி நேருகிறது. ஆபரேஷன் செய்து சரியாக்கலாம்.

ஆனால் மலையிறங்கி, கோவைக்கோ வேலூருக்கோ பிள்ளையைத் தூக்கிப் போனால், "சளி இருக்கிறது, சில வாரம் கழித்து வாருங்கள்" என்கிறார் டாக்டர். கூலியும் போயிற்று, பஸ் காசும் போயிற்று. பெற்றோருக்குக் கோபம் வராதா?

டாக்டரின் பயம் கத்தியைப் பற்றியதல்ல, மூச்சைப் பற்றியது. கைக்குழந்தையின் மூச்சுக்குழல் சுமார் 4 மில்லிமீட்டர் அகலந்தான். உள்ளே சுற்றிலும் 1 மில்லிமீட்டர் வீங்கினாலே, காற்று போகும் வழி கால் பங்காகச் சுருங்கிவிடும். மயக்க மருந்து கொடுத்ததும், சளி பிடித்த குழல் திடீரென்று இறுகிக்கொள்ளவும் கூடும்.

சில குழந்தைகளுக்குத் தாடையும் சிறுத்திருக்கும். மயங்கியதும் நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைத்துக்கொள்ளும். அதனால் மயக்க டாக்டர், குழந்தை தானாக மூச்சு விடுவதை நிறுத்தாமலே மெல்ல மயக்கி, சிறு காமிராவால் வழி பார்த்துக் குழாயைச் செலுத்துகிறார். ஒரு குழாய் போகாவிட்டால் வேறொன்று பக்கத்தில் தயாராக இருக்கும்.

1937-ல் இங்கிலாந்தில் பிலிப் அயர் என்ற டாக்டர், இத்தகைய குழந்தைகள் சிரமமின்றி மூச்சு விட, 'டி' எழுத்தைப் போன்ற ஒரு குழாயை அமைத்தார். அவரே பிளந்த உதட்டோடு பிறந்தவர்!

பசியால் அழுகிறதே என்று சிலர் ஒளித்துப் பால் கொடுத்துவிடுகிறார்கள். இது பெரிய ஆபத்து. மயக்கத்தில் அந்தப் பால் மேலேறி நுரையீரலுக்குள் போய்விடும். தாய்ப்பாலை வழக்கமாக 4 மணி நேரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். மற்றப் பாலை 6 மணி நேரம் முன்பே.

இவ்வளவையும் பெற்றோரிடம் முதல் நாளே தமிழில் சொன்னால் என்ன? "பிறகு வாருங்கள்" என்ற இரண்டே சொல்லோடு அனுப்புவது நியாயமல்ல. குழந்தைக்குச் சளி என்றால், பஸ் ஏறுமுன் கேட்டுக்கொள்ள ஒரு டெலிபோன் எண்ணையும் சீட்டில் எழுதிக் கொடுக்கட்டும்.