பிளாட் வாங்கும் முன் ஒரு தண்ணீர்க் கணக்கு

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் வீட்டுப்பாடமும் உண்டு.

சில மாதங்களாக எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே கேள்விதான். "சார், பைபாஸ் பக்கம் புதுசா பிளாட் போட்டிருக்காங்களாமே, வாங்கலாமா?" பெங்களூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கேட்கிறீர்கள். இன்னொரு பக்கம், அங்கே புஞ்சையை விற்றவர்களில் நம் சொந்தக்காரர்களும் இருக்கிறார்கள். விற்றவர், வாங்குபவர் இரண்டு பேருமே இதைப் படிப்பதால் இருவருக்கும் பொதுவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஊர் வளரக் கூடாது என்று நினைக்கிறவன் அல்ல நான். வெளியூர் போன பிள்ளைகள் திரும்பி வந்து வீடு கட்டினால், பூட்டிக் கிடக்கும் தெருக்களில் மறுபடி விளக்கு எரியும். மானாவாரி நிலத்தை நம்பி மகள் கல்யாணத்தை நடத்த முடியாதவர் அதை விற்பதும் தப்பில்லை. என் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: வருகிறவர்களுக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்?

நமக்குத் தண்ணீர் மூன்று வழியில் வருகிறது. ஒன்று, கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாய். சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களுக்குத் திருச்சிப் பக்கம் காவிரியிலிருந்து எடுத்து வருகிறார்கள். அத்தனை தூரத்தில் எங்கே குழாய் உடைந்தாலும் நம் தெருவில் குடம் காலி. இரண்டு, போர். நம் பக்கம் ஆழம் போகப் போக உப்புதான் கூடுகிறது. மூன்று, மழை. ஊருணியும் கண்மாயும் அதை நம்பித்தான். இந்த மூன்றில் நம் கையில் இருப்பது மூன்றாவது மட்டும்தான். புதுமனைகள் முதலில் கைவைப்பதும் அதில்தான்.

எப்படி என்கிறீர்களா? நம் கண்மாய்கள் தனித்தனிக் குளங்கள் அல்ல, சங்கிலி. மேல் கண்மாய் நிறைந்து கலுங்கு வழிந்தால்தான் கீழ் கண்மாய்க்கு நீர். நாற்பத்தெட்டு மடை கொண்ட ராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாய் நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அந்தக் காலத்து ஆட்கள் ஜேசிபி இல்லாமல் சரிவைப் பார்த்தே கட்டியவை இவை. இன்று மனை போடுகிறவர், வரைபடத்தில் உள்ள வாய்க்காலை விட்டுவிடுகிறார் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் மண் அடித்து நிலத்தை மூன்றடி உயர்த்துகிறார். ரோட்டுக்கு அடியில் ஒரு சின்னக் குழாயைப் பதித்து, பாலம் என்கிறார். புஞ்சைக்குப் புஞ்சை ஓடிய சின்ன வரத்துக்கால்கள் ஆவணத்தில் இல்லாததால் அவை மறைந்தே போகின்றன. வாய்க்கால் காகிதத்தில் இருக்கும், தண்ணீர் வராது. அதே தண்ணீர் ஐப்பசி மழையில் உங்கள் புது வீட்டு வாசலில் வந்து நிற்கும்.

சரி, இனி கணக்குக்கு வருவோம். 200 மனை, வீட்டுக்கு 4 பேர் என்றால் 800 பேர். பாதாளச் சாக்கடை இல்லாத ஊருக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 70 லிட்டர் என்பது மத்திய அரசின் 1999 குடிநீர்க் கையேட்டில் இருந்த அளவு. பாதாளச் சாக்கடை உள்ள ஊருக்கு 135. 70 என்றால் தினமும் 56,000 லிட்டர். ஆனால் விளம்பரத்தில் காட்டும் புல்தரை, பாத்ரூம் எல்லாம் 135 லிட்டர் வாழ்க்கை. அப்படியானால் 1,08,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் நாளுக்கு ஒன்பது நடை. இது ஒரே ஒரு மனைப்பிரிவுக்கு.

"போர் போட்டுக்கலாம் சார்" என்பீர்கள். 200 வீட்டிலும் 200 போர் போட்டால், எல்லோரும் ஒரே இளநீரில் ஸ்ட்ரா போட்ட கதைதான். முதல் வருஷம் வரும், பிறகு மோட்டாரை இன்னும் கீழே இறக்க வேண்டியிருக்கும். 2024 மார்ச்சில் பெங்களூரில் குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்களே, அங்கே இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2019-ல் சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் போனது, ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். நமக்கு ரயில் விட மாட்டார்கள் தம்பி.

"அரசாங்கம் குழாய் போட்டுத்தானே ஆகணும்" என்பது அடுத்த வாதம். குழாய் போடலாம். குழாய்க்குள் ஓட வேண்டியது? இருக்கிற அதே தண்ணீரில் இன்னும் 200 இணைப்பு கொடுத்தால் அழுத்தம் குறையும். முதலில் வற்றுவது கடைசித் தெரு. வயலில் கடைமடை போல, குழாயிலும் கடைமடை உண்டு. அங்கே இருப்பவர்கள் சம்ப் கட்ட வசதியில்லாதவர்கள், இப்போதே ராத்திரி கண் விழித்துக் குடம் பிடிப்பவர்கள். நம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்த பல பேரின் வீடு அங்கேதான். உங்கள் வீட்டுத் தோட்டத்துக்கு அவர்கள் குடம் காலியாகக் கூடாது. என் கவலையின் மையம் இதுதான்.

அப்படியானால் வீடே கட்டக் கூடாதா? ஏற்கனவே இருப்பவர்களுக்கு மட்டும்தான் ஊரா? நியாயமான கேள்வி. கட்டலாம், ஆனால் தண்ணீரை முதலில் எண்ணிவிட்டு.

முதலாவதாக, பேரூராட்சி ஒரு தண்ணீர் இருப்புக் கணக்கை ஆண்டுதோறும் பலகையில் எழுதி வைக்கட்டும்: வருவது எவ்வளவு, இணைப்பு எத்தனை, கடைசித் தெருவுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை. புது இணைப்பு அந்தக் கணக்குக்கு உட்பட்டுப் படிப்படியாகப் போகட்டும்.

இரண்டாவதாக, மனை போடுகிறவர் ரோடும் விளக்குக் கம்பமும் போட்டால் போதாது. மேல்நிலைத் தொட்டி, வரத்துக்காலுக்குத் தகுந்த அகலப் பாலம், தன் மனையில் விழும் மழையைத் தேக்க ஒரு குட்டை, இவற்றுக்கும் அவரே செலவு செய்யட்டும். லாபம் ஒருவருக்கு, குழாய்ச் செலவு ஊருக்கு என்பது எந்தக் கணக்கில் சேரும்?

மூன்றாவதாக, வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு. 2003-லேயே தமிழ்நாட்டில் கட்டாயமாக்கப்பட்டது. பல வீடுகளில் இன்று அது சுவரோரம் ஒரு பிவிசி குழாய், அவ்வளவுதான். கணக்கைப் பாருங்கள்: 1,000 சதுர அடிக் கூரை என்பது 93 சதுர மீட்டர். நம் மாவட்டத்தில் ஆண்டு மழை சுமார் 900 மில்லிமீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர். ஆக 83,700 லிட்டர். வீணாவது போக 80 சதவீதம் பிடித்தால் சுமார் 67,000. நாலு பேர் குடும்பத்தின் ஆண்டுத் தேவையில், 135 லிட்டர் பழக்கத்தில் இது மூன்றில் ஒரு பங்கு, 70 லிட்டர் சிக்கனத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. குடிக்க, சமைக்க நாளுக்கு 20 லிட்டர் என்றால் ஆண்டுக்கு 7,300 லிட்டர். 10,000 லிட்டர் தொட்டி ஒன்று போதும். மீதி மண்ணுக்குள் இறங்கட்டும். பக்கத்துச் செட்டிநாட்டு வீடுகளின் முற்றத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதுப்பாடம் இல்லை.

காரைக்குடிக்காரர்கள் சம்பை ஊற்றுத் தண்ணீரைப் பற்றிப் பேசினால் நிறுத்த மாட்டார்கள். அந்த இனிப்பு, மழையை உள்ளே வாங்கி வைத்துக்கொள்ளும் மண் கொடுத்தது. அந்த மண்ணை சிமெண்டால் மூடிவிட்டால் ஊற்று பெயரில் மட்டும்தான் இருக்கும். நம் ஊருணிகளைச் சுற்றியுள்ள திறந்த நிலத்துக்கும் இதே விதிதான்.

இனி வீட்டுப்பாடம். வாங்கப் போகிறவர்கள் முன்பணம் கொடுக்கும் முன் இவற்றைப் பாருங்கள். டி.டி.சி.பி. அப்ரூவல் என்பது குழாயில் தண்ணீர் வரும் என்ற உத்தரவாதம் அல்ல. தண்ணீருக்கு என்ன ஏற்பாடு என்று எழுத்தில் கேளுங்கள். புலப்படத்தை வாங்கி, ஓடை, வாய்க்கால் எங்கே என்று பாருங்கள். மனையைக் கோடையில் ஒருமுறை, அடைமழையில் ஒருமுறை நேரில் பாருங்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் கிணறு எந்த மாதம் வற்றும் என்று கேளுங்கள், புரோக்கரிடம் கேட்காதீர்கள்.

விற்கும் மாமா, மச்சான்களுக்கு: கிரயப் பத்திரத்தில் வரத்துக்கால் பாதையை அளந்து எழுதி, அதை அடைக்கக் கூடாது என்று ஒரு வரி சேருங்கள். உங்கள் தாத்தா விட்டுக்கொடுத்த பாதை அது. அதற்கு உங்கள் கீழே உள்ள புஞ்சைக்காரர் ஆயுசுக்கும் நன்றி சொல்வார்.

ஊரில் இருப்பவர்களுக்கு: தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் ஒரு மனு போடலாம். ஊருக்கு வரும் தண்ணீர் எவ்வளவு, இணைப்புகள் எத்தனை, இந்த இரண்டே கேள்வி. மனுவை நான் எழுதித் தருகிறேன். கையெழுத்துப் போட யார் யார் வருகிறீர்கள் என்று கீழே சொல்லுங்கள். பதில் வந்ததும் அந்த எண்களை இங்கேயே போடுகிறேன். மாற்றுக் கருத்து இருப்பவர்களும் தாராளமாக எழுதுங்கள். கணக்கில் பிழை இருந்தால் விடையை மட்டும் சொல்லாமல், வழிமுறையோடு எழுதிக் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்