ஆடுகளமும் ஊர்நலமும்

ஓர் ஊரின் நிலையை அறிய விரும்புவோர் அதன் சந்தையையும் கோயிலையும் பள்ளியையும் சென்று காண்பர். மாலை வேளையில் அவ்வூரின் ஆடுகளத்தையும் அவர்கள் காணல் வேண்டும். இளைஞர் ஒருவரோடொருவர் எவ்வாறு பழகுகின்றனர், வெற்றியில் எவ்வாறு அடங்குகின்றனர், தோல்வியை எங்ஙனம் ஏற்கின்றனர் என்பனவற்றை ஆடுகளம் ஒளிக்காமல் காட்டிவிடும்.

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது காரியாபட்டி. விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த இப்பேரூரைச் சூழ்ந்த சிற்றூர்களில் மழையை நம்பிய புன்செய் நிலமே மிகுதி. அறுவடை முடிந்த நிலமும் நீர் வற்றிய கண்மாயும் அத்தகைய ஊர்களில் ஆடுகளமாகிவிடும். கபடி எனப்படும் சடுகுடுவுக்குக் கோடு கிழிக்க ஒரு குச்சி போதும். பொங்கல் நாளிலும் கோயில் திருவிழாவிலும் ஊருக்கு ஊர் போட்டி நடைபெறும். வேலையின்பொருட்டு வெளியூர் சென்றோரும் அந்நாளில் திரும்பி வந்து தம் ஊருக்காக ஆடுவர். எனவே, இவ்விளையாட்டுகள் பொழுதுபோக்கு மட்டும் அல்ல. ஊரை ஒன்றாகப் பிணைக்கும் கயிறும் ஆகும்.

2020ஆம் ஆண்டு இக்கயிறு அறுந்தது. கொரோனா பெருந்தொற்றைத் தடுக்கும்பொருட்டு, மார்ச் 24ஆம் நாள் மாலை தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு நடைமுறைக்கு வந்தது. மறுநாள் நாடு முழுவதும் 21 நாள் ஊரடங்கு தொடங்கியது. பின்னர் அது நீட்டிக்கப்பட்டது. திருவிழாக்கள் நின்றன, போட்டிகளும் நின்றன. டோக்கியோ நகரில் நடைபெறவிருந்த ஒலிம்பிக் விழாவே ஓராண்டு தள்ளிவைக்கப்பட்டது என்றால், சிற்றூரின் ஆட்டம் எம்மாத்திரம்?

அத்தடை தேவையானதே. கபடி மூச்சையும் தொடுதலையும் அடிப்படையாகக் கொண்டது. பாடிச் செல்பவர் மூச்சு விடாமல் குரல் எழுப்புவார். எதிரணியினர் எழுவரும் அவரைச் சூழ்ந்து பற்றுவர். மூச்சின் வழியே பரவும் நோய்க்கு இதனினும் எளிய வாயில் வேறு உண்டோ? களத்தில் நோய் பெற்ற இளைஞன் அதனை வீட்டிலுள்ள முதியோர்க்கும் அளித்துவிடுவான். உயிர் காத்தலே முதற்கடமை. ஆட்டம் அதன் பின்னரே.

எனினும், மூடியதில் காட்டிய விரைவும் அக்கறையும் மீண்டும் திறந்ததில் இருந்தனவா என்பதே கேள்வி. 2020 மே 17ஆம் நாள் நடுவண் அரசு வெளியிட்ட ஆணை, பார்வையாளரின்றி விளையாட்டு அரங்குகளைத் திறக்க இசைவு தந்தது. அரங்குக்குக் கதவு உண்டு, காவலர் உண்டு. கண்மாய்க் களத்துக்கு அவை ஏது? அவ்வாண்டு செப்டம்பரில் ஐ.பி.எல். கிரிக்கெட் போட்டிகள் ஐக்கிய அரபு அமீரகத்தில் தொடங்கின. ஆட்டக்காரர் பிறரோடு கலவாமல் தனித்து வைக்கப்பட்டனர், அடிக்கடி பரிசோதிக்கப்பட்டனர். செல்வம் உள்ள ஆட்டத்துக்கு வழி பிறந்தது. செல்வமில்லாத ஊர் ஆட்டத்துக்கு வழிகாட்டுவோர் அரியராயினர்.

இதனால் நேர்ந்த இழப்பு சிறிதன்று. பள்ளிகளுக்கிடையேயான போட்டிகளில் 14, 17, 19 என வயது வரம்புகள் உண்டு. பதினாறு வயதில் களத்தை இழந்த மாணவன் ஈராண்டுக்குப் பின் திரும்பினால், அவனுக்குரிய பிரிவு அவனைக் கடந்து சென்றிருக்கும். பெண்மக்களின் இழப்போ இன்னும் பெரிது. சிற்றூர்கள் பலவற்றில் அவர்கள் தயக்கமின்றி ஆடும் இடம் பள்ளித் திடல் ஒன்றே. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகள் 2021 நவம்பர் 1ஆம் நாள்தான் மீண்டும் திறந்தன. அதுவரை அச்சிறுமியருக்குத் திடலே இல்லாது போயிற்று.

'பசியும் பிணியும் வாட்டும்போது விளையாட்டைப் பற்றிக் கவலைப்படுவதா?' என்று சிலர் வினவலாம். உடலை வலிமையாக வைத்திருப்பதும் பிணிக்கு எதிரான போரே அன்றோ? 5 முதல் 17 வயதுக்கு உட்பட்டோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமேனும் உடலை நன்கு இயக்குதல் வேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2020ஆம் ஆண்டிலேயே அறிவுறுத்தியது. மூடிய அறையைவிடத் திறந்தவெளியில் இந்நோய் பரவும் வாய்ப்பு குறைவு என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று.

ஆகவே, முழுத்தடைக்கும் முழு உரிமைக்கும் நடுவே ஒரு வழி உண்டு. 2021 பொங்கலின்போது ஜல்லிக்கட்டுக்கு அரசு அத்தகைய வழியையே வகுத்தது. வீரர் 300 பேருக்கு மிகாமலும், பார்வையாளர் இருக்கைகளில் பாதிக்கு மிகாமலும் இருத்தல் வேண்டும். வீரர்கள் நோயில்லை என்னும் சான்றும் பெறுதல் வேண்டும் என விதிக்கப்பட்டது. கூட்டத்தை அடக்குவது எளிதன்று; ஆயினும் நெறி ஒன்று இருந்தது. அதுபோல், ஊர் ஆட்டங்களையும் அவற்றின் இயல்பு நோக்கி வரிசைப்படுத்தலாம். முதலில் ஓட்டமும் கயிறு தாண்டலும்; அடுத்து, வலைக்கு இருபுறமும் நின்று ஆடும் கைப்பந்து; நோய் தணிந்தபின் கபடி. ஊராட்சியாரும் உடற்கல்வி ஆசிரியரும் சுகாதார ஆய்வாளரும் கூடி அமர்ந்தால் இதனை ஒரே நாளில் முடிவு செய்துவிடலாம்.

பாடத்தில் நேர்ந்த இழப்பை ஈடுசெய்ய 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கப்பட்டது. தன்னார்வலர் மாணவரின் இருப்பிடத்துக்கு அருகிலேயே சென்று கற்பித்தனர். போற்றத்தக்க செயல் அது. விளையாட்டில் நேர்ந்த இழப்புக்கும் அத்தகைய ஏற்பாடு வேண்டும் என்று அந்நாளில் பலரும் எண்ணிற்றிலர். விளையாட்டைக் கல்வியின் வேறாகக் கருதும் பழக்கமே அதற்குக் காரணம்.

கொள்ளைநோய் மீண்டும் வாராது என்று எவரும் உறுதி கூற இயலாது. வந்தால் களத்தை மூடத்தான் வேண்டும். ஆனால், மூடும் நாளிலேயே திறக்கும் வகையையும் எண்ணுதல் வேண்டும். இன்றைய மாணவரே நாளைய ஊராட்சித் தலைவரும் ஆசிரியரும் அலுவலரும் ஆவர். ஊரின் உயிரைக் காக்கும் பொறுப்பும் ஊரின் ஆடுகளத்தைக் காக்கும் பொறுப்பும் ஒருங்கே அவர்கள் கைக்கு வரும். இரண்டையும் காப்பதே அறிவுடைமை.