பாங்கு செய்த பிழைக்குப் பாட்டாளி ஏன் தபால் தலை ஒட்ட வேண்டும்?

சென்ற வாரம் மன்றத்துக்கு ஒரு தோழர் வந்தார். மதுரையில் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவர். கையிலே மஞ்சள் பை. பைக்குள்ளே நான்கு தபால் ரசீதுகள். முகத்திலே மட்டும் நானூறு கவலைகள்!

"அண்ணே, வண்டிக்கு எஞ்சின் வேலை பார்க்கக் கடன் கேட்டேன். சிபிலிலே 1,840 ரூபாய் பாக்கி நிற்கிறது, கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். நான் அந்தக் கடனை மூன்று வருஷத்துக்கு முன்னாலேயே கட்டி முடித்தவன்" என்றார்.

கட்டி முடித்தவர்தான். பாக்கி ஏதும் இல்லையென்று அந்தப் பாங்கே சீட்டுக் கொடுத்திருக்கிறது. ஆனால் ஏட்டிலே எழுதியவன் அழிக்க மறந்துவிட்டான். மறந்தவன் மின்விசிறிக்கடியில் உட்கார்ந்திருக்கிறான். மறக்காமல் தவணை கட்டியவன் தெருத் தெருவாக அலைகிறான்!

அலைந்தவர் என்ன செய்தார்? மனு எழுதுகிறவருக்கு 300 ரூபாய். நோட்டரி முத்திரைக்கு 200 ரூபாய். கடன் விவரம் வைத்திருக்கும் நிறுவனங்கள் நான்காயிற்றே, நான்குக்கும் கனத்த உறை, கனத்த தபால், அதற்கு 364 ரூபாய். ஆக 864 ரூபாய்! 1,840 ரூபாய்ப் பொய்ப் பாக்கியை மறுக்க, ஏறத்தாழ அதில் பாதியைத் தண்டம் அழுதிருக்கிறார். கொடுமைக்கு மேல் கொடுமை, பாக்கி இல்லையென்ற அந்த மூலச் சீட்டையே ஓர் உறைக்குள் வைத்து மும்பைக்கு அனுப்பிவிட்டார். இன்று அவரிடம் நகல்கூட இல்லை.

இவரைக் குறை சொல்லி என்ன பயன்? இப்படிச் செய், அப்படிச் செய்யாதே என்று அவருக்குச் சொன்னவர் யார்? நாம் சொன்னோமா? மன்றத்திலே கேரம் பலகை இருக்கிறது, பத்திரிகை இருக்கிறது, விவாதம் விடிய விடிய இருக்கிறது. ஒரு மனு எழுதித் தர ஆள் இல்லை!

சட்டம் என்ன சொல்கிறது? 2005ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டம், தன்னைப் பற்றிய விவரம் தவறென்று ஒருவன் சொன்னால் 30 நாளுக்குள் நடவடிக்கை எடு என்கிறது. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விபேக்ஸ், கிரிப் ஹைமார்க் என்று நான்கு நிறுவனங்கள் இந்தத் தொழிலில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையைக் காசு வாங்காமல் தரவேண்டும் என்பது 2017 ஜனவரி முதல் நடப்புக்கு வந்த ரிசர்வ் வங்கி உத்தரவு. 2023 அக்டோபரில் இன்னொரு உத்தரவு போட்டு, 2024 ஏப்ரலில் நடப்புக்குக் கொண்டு வந்தார்கள். 30 நாளில் முடிக்காவிட்டால், அதற்குப் பிறகு நாளொன்றுக்கு 100 ரூபாய் புகார் செய்தவனுக்குத் தரவேண்டும் என்பது அது. கடன் கொடுத்தவனுக்கு அதில் 21 நாள் கெடு. அவன் தாமதித்தால் அவன் தரவேண்டும். அவன் அனுப்பியும் ஏட்டுக்காரன் திருத்தாமல் உட்கார்ந்திருந்தால் ஏட்டுக்காரன் தரவேண்டும்.

இதிலேதான் சூட்சுமம் இருக்கிறது, தோழர்களே! அந்த நான்கு நிறுவனங்களும் தாமாக எதையும் எழுதுவதில்லை. பாங்கு சொல்வதை எழுதுகின்றன. பாங்கு "ஆம், தவறுதான்" என்று சொன்னாலொழிய அழிப்பதும் இல்லை. நீங்கள் மும்பைக்கு எழுதும் மனு சுற்றிச் சுற்றி உங்கள் ஊர்ப் பாங்கின் மேசைக்கே வந்து சேர்கிறது! பாங்குகள் நான்கு நிறுவனங்களிலும் உறுப்பினராக இருந்தாக வேண்டும் என்று 2015 ஜனவரியிலேயே உத்தரவாகிவிட்டது. ஆகவே பாங்கு திருத்தினால் நான்கு ஏட்டிலும் திருத்தியாக வேண்டும். அப்படியிருக்க நான்கு உறை எதற்கு? நான்கு தபால் எதற்கு?

ஒரே மனு. அதையும் தபாலில் போடாதீர்கள். நடந்து போய்க் கிளையிலே கொடுங்கள். இரண்டு பிரதி எழுதி, ஒன்றை மானேஜரிடம் நீட்டி, மற்றொன்றில் பாங்கு முத்திரை, தேதி, கையெழுத்து மூன்றும் வாங்கிக்கொண்டு திரும்புங்கள். செலவு? ஜெராக்ஸ் செலவு! அந்த முத்திரை விழுந்த தேதியிலிருந்து 30 நாள் எண்ணிக்கை ஓடும். எந்த வக்கீல் நோட்டீசும் அதைவிட வேகமாக ஓட வைக்க முடியாது.

"முத்திரை போட மாட்டேன்" என்று மானேஜர் முறுக்கினால்? புகாரைப் பெற்றதற்கு ஒப்புதல் தருவது பாங்கின் கடமை என்று சொல்லிப் பாருங்கள். மன்றத்துத் தோழர்கள் இருவர் உடன் போனால் பெரும்பாலும் பேனா தானாகத் திறக்கும்! அதற்கும் அசையாவிட்டால் அப்போது தபாலாபீசுக்குப் போகலாம். முன்பெல்லாம் சொற்பக் காசில் 'சர்டிபிகேட் ஆப் போஸ்டிங்' என்று ஒரு சீட்டு தருவார்கள். ஏழைக்கு அதுவே சாட்சி. அதை 2011இல் நிறுத்திவிட்டார்கள். 2025 செப்டம்பரில் ரிஜிஸ்டர் தபாலையும் ஸ்பீட் போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள். 2025 அக்டோபர் முதல் வந்த கட்டணப்படி 50 கிராமுக்குள் உள்ளூருக்கு 19 ரூபாய், வெளியூருக்கு 47 ரூபாய். கையெழுத்து வாங்கி ஒப்படைக்கும் ரிஜிஸ்டர் வசதிக்கு 5 ரூபாய் கூடுதல். வரியும் சேர்த்தால் உள்ளூர் மனு 28 ரூபாய் சொச்சம், மும்பை மனு 61 ரூபாய் சொச்சம்.

அந்த 50 கிராமைக் காப்பாற்றுவதுதான் சிக்கனம். சாதாரண வெள்ளைத்தாள் ஒன்று 5 கிராம். மெல்லிய உறையோடு ஏழு தாள் வரை பயமில்லாமல் வைக்கலாம். எல்லை தாண்டினால் மும்பைக்கு முப்பது ரூபாய்ப் பக்கம் கூடிவிடும். நம் ஆட்டோத் தோழர் என்ன செய்தார் தெரியுமா? அறிக்கை முழுவதையும், இருபது பக்கத்தையும், ஒவ்வோர் உறையிலும் திணித்தார்! தவறு இருக்கும் ஒரு பக்கம் போதும். அறிக்கை எண், கடன் கணக்கு எண், பான் எண், போன் எண், எது தவறு, எது சரி, இவ்வளவும் ஒரே தாளில் அடங்கும். பாக்கியில்லாச் சீட்டின் நகல் ஒன்று. மூலம் பெட்டியை விட்டு அசையக்கூடாது. நஷ்ட ஈடு வந்து விழவேண்டிய பாங்குக் கணக்கு எண்ணையும் அதே மனுவில் எழுதிவிடுங்கள். அதைக் கேட்டு அவர்கள் ஒரு கடிதம், பதிலாக நாம் ஒரு கடிதம் என்று இன்னொரு தபால் செலவு வராது.

"இதென்ன பழங்காலத்து யோசனை? போனிலேயே புகார் செய்யலாமே, செலவே இல்லையே!" என்று இளைஞர் ஒருவர் இடைமறித்தார். செய்யலாம். முடிந்தவர்கள் முதலில் அதைத்தான் செய்யவேண்டும். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். யாரோ ஒருவன் டில்லியிலே வாங்கிய கடன் உங்கள் பேரிலே ஏறியிருந்தால், கிளை தேடி டில்லிக்கா நடக்க முடியும்? முன்னெழுத்து ஒன்று, பெயர் ஒன்று என்று வாழ்கிற நமக்கு, பெயர்க் குழப்பம் வர வாய்ப்பு அதிகம். அதற்குப் போன் வழிதான் சரி. ஆனால் ஒன்று கேட்கிறேன். ஏட்டிலே பதிந்திருக்கும் போன் எண்ணுக்குத்தான் ரகசிய எண் வரும். மூன்று வருஷத்தில் சிம்மை மாற்றிவிட்டவன் என்ன செய்வான்? ஏடு தவறாக இருக்கிறது என்று சொல்ல வந்தவனை, அந்தத் தவறான ஏட்டையே காவல்காரனாக வைத்து வாசலில் நிறுத்துகிறார்களே! அவனுக்குத்தான் காகிதம் வேண்டியிருக்கிறது.

30 நாள் கடந்தும் பதில் இல்லையா, பதில் திருப்தி இல்லையா? ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 2022 செப்டம்பர் 1 முதல் அந்த நான்கு நிறுவனங்களும் அவர் வரம்புக்குள் கொண்டு வரப்பட்டுவிட்டன. கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். முத்திரை விழுந்த அந்தப் பிரதி அங்கே பேசும். "சிபிலைச் சுத்தம் செய்து தருகிறேன், ஐயாயிரம் கொடு" என்று அலையும் தரகர்களுக்கு ஒரு காசும் கொடுக்காதீர்கள். உண்மையான பாக்கியை எவனாலும் அழிக்க முடியாது. பொய்ப் பாக்கியை அழிக்க அவன் தேவையில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகும் என் மனம் ஆறவில்லை. 28 ரூபாயும் 61 ரூபாயும் சிறு தொகை என்பார்கள் சீமான்கள். 2025-26இல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டுக்கு அறிவித்த கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். மும்பைக்கு நான்கு மனுப் போட்டால் 245 ரூபாய். ஏறத்தாழ முக்கால் நாள் கூலி போச்சு! பிழை செய்தது யார்? பணம் கட்டுவது யார்? தபால் தலை ஒட்டத் தேவையில்லாத பதில் உறை அஞ்சல் இலாகாவிலே நெடுங்காலமாக இருக்கிறது. பெறுகிறவன்தான் காசு கட்டுவான். சந்தா பிடிக்கவும் சரக்கு விற்கவும் கம்பெனிகள் அதை அனுப்பும். அந்த உறையைப் பாங்குக் கிளையின் மேசைமீது அடுக்கி வைக்கட்டும். கடன் விண்ணப்பத்தாள் அடுக்கி வைக்க இடம் இருக்கிறதே, புகார் உறைக்கு இடம் இல்லையா? ரிசர்வ் வங்கி ஓர் உத்தரவு போட்டால் ஒரு வாரத்தில் நடக்கக்கூடிய காரியம் இது. தொழிற்சங்கங்கள் இதைத் தம் கோரிக்கைப் பட்டியலில் சேர்த்தாக வேண்டும்.

அதுவரை, மன்றத்திலே வாரம் ஒரு மாலை. ஞாயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்து நன்றாக இருக்கும் ஒருவர், பான் அட்டையும் அறிக்கையும் படிக்கத் தெரிந்த ஒருவர், தேதி எழுதி வைக்க ஒரு நோட்டுப் புத்தகம். மதுரைத் தோழரின் பெயரைத்தான் முதல் வரியில் எழுதியிருக்கிறோம். மூலச் சீட்டு போனது போனதுதான். நகல் கேட்டு அதே பாங்கில் தனி மனு ஒன்றும் கொடுத்திருக்கிறார். பிழை திருத்தும் மனுவைச் செவ்வாய்க்கிழமை கிளையில் கொடுத்தார். இருவர் உடன் போனார்கள். முத்திரை விழுந்துவிட்டது. இன்றோடு ஐந்து நாள்.